நானூறாவது வண்டி

போ ஆற்றுச் சமவெளியை முதன்முறையாகக் காணும் தஞ்சைத் தரணிக்காரருக்கு அது அயல்நாடாகத் தோன்றுவதில்லை. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மேடு பள்ளமற்ற வண்டல் நிலம். வயலுக்கு வயல் வாய்க்கால், வாய்க்காலுக்கு மதகு. மேற்கே வெர்செல்லி, நொவாரா, பவியா வட்டாரங்களில் விளைவது நெல்லே. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகுதியாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலி என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டோம். நாங்கள் தங்கியிருந்த போலோனியா நகரைச் சுற்றி நெல்லுக்குப் பதிலாகக் கோதுமை, திராட்சை, மாட்டுக்கான தீவனப் புல். மே மாதமாகையால் பாப்லர் மரங்களின் காய்கள் வெடித்து, இலவம் பஞ்சைப் போல வெண்மையான துகள்கள் சாலையெங்கும் பறந்துகொண்டிருந்தன. கீழ்வேளூரில் சித்திரை வெயிலில் இலவங்காய் வெடிப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ஊர் நினைவு வருவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

2024ஆம் ஆண்டு மே மாத விடுமுறையை மகள் வீட்டில் கழிக்கவே நாங்கள் இருவரும் அங்கே சென்றிருந்தோம். இருவருமே பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்கள். பதுவையில் புனித அந்தோணியார் திருத்தலத்தைக் கண்டாயிற்று. போலோனியாவிலேயே புனித தோமினிக் கல்லறையின் முன் முழந்தாளிட்டாயிற்று. பதினோரு வயதுப் பேரன் அதுவரை பொறுமையாக இருந்தான். ஒரு நாள் இரவு உணவு முடிந்ததும், "தாத்தா, அம்மாச்சி, நீங்கள் கேட்ட இடமெல்லாம் நான் வந்தேன். இனி நான் கேட்கும் இடத்துக்கு நீங்கள் வர வேண்டும்" என்றான். நியாயமான வழக்கு, மறுக்க வாதமில்லை. அவன் கேட்ட இடம் மரனெல்லோ. ஃபெராரி என்னும் பந்தயக் கார்களைச் செய்யும் தொழிற்சாலையும், அந்நிறுவனத்தின் அருங்காட்சியகமும் உள்ள சிற்றூர்.

நாங்கள் கார் வைத்திருந்தவர்கள் அல்லர். முப்பத்தைந்து ஆண்டுகள் மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் சென்று வந்தோம். ஆகஸ்டு மாதக் கடைசியில் எங்கள் ஊர்ச் சாலை வழியே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் காவியுடைத் திருப்பயணிகளைத் திண்ணையில் அமர்ந்து பார்த்துப் பார்த்து, மனிதனுக்கு இயல்பான வேகம் நடையே என்றொரு எண்ணமும் எங்களுக்கு உண்டு. ஆயினும் பேரனின் கண்களில் தெரிந்த ஆவல் எங்களையும் தொற்றிக்கொண்டது.

எங்களை அழைத்துச் செல்ல முன்வந்தவர் மகளுக்குப் பழக்கமான ஓர் இலங்கைத் தமிழ் அன்பர். சொந்த ஊர் முல்லைத்தீவு. 1990களின் இறுதியில் இத்தாலிக்கு வந்து, இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர். "பஸ்ஸில போனால் அம்மாவுக்குக் கால் வலிக்கும். நானே கூட்டிக்கொண்டு போறன்" என்று தம்முடைய சிறிய ஃபியட் வண்டியுடன் காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டார். ஃபெராரியைப் பார்க்க ஃபியட்டில் போவதில் பொருத்தமும் உண்டு. 1969இல் ஃபெராரி நிறுவனத்தின் பாதிப் பங்கை வாங்கியது ஃபியட்தான்.

வழியில் மாட்டுப் பண்ணைகள் தென்பட்டன. பார்மிசான் என்று பெயர் பெற்ற பாலாடைக்கட்டிக்கு இந்தப் பசுக்களின் பாலே ஆதாரம். இந்தப் பண்ணைகளில் நெடுங்காலமாகப் பாடுபடுபவர்களுள் பஞ்சாபிலிருந்து வந்தோர் பலர். தலைப்பாகையுடன் ஒருவர் சைக்கிளில் எதிர்ப்பட்டபோது பேரன் கையசைத்தான், அவரும் கையசைத்தார். வயலொன்றில் பழைய டிராக்டர் நின்றது. நண்பர் அதைச் சுட்டிக்காட்டி, லம்போர்கினி என்னும் புகழ்பெற்ற கார் நிறுவனமும் இந்தச் சமவெளியில் பிறந்ததே என்றார். அதை நிறுவிய ஃபெருச்சோ லம்போர்கினி உழவர் வீட்டுப் பிள்ளை. போருக்குப்பின் எஞ்சிய படை வாகன உதிரிகளைக் கொண்டு டிராக்டர் செய்து பொருளீட்டியவர். தாம் வாங்கிய ஃபெராரியில் குறை கண்டு சொல்லப்போக, என்ஸோ ஃபெராரி அவரை டிராக்டர்காரர் என்று எள்ளி அனுப்பினாராம். அந்த வீம்பில் 1963இல் அவரே கார் நிறுவனம் தொடங்கினாராம். கதையில் மிளகாய் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் உழவன் மகன் அவமதிப்பை மறப்பதில்லை என்பதற்கு எங்கள் பக்கத்திலும் சான்றுகள் உண்டாகையால் நம்பினோம்.

மரனெல்லோ சிறிய ஊர். எங்கு திரும்பினும் சிவப்பு. அருங்காட்சியகத்தின் வாயிலருகே, பத்து நிமிடம் ஃபெராரி ஓட்டிப் பார்க்கக் கட்டணம் வாங்கும் கடைகள் வரிசையாக நிற்கின்றன. கடைக்கு வெளியே நின்று வருவோர் போவோரைக் கைதட்டி அழைக்கும் இளைஞர்களைக் கண்டபோது, அந்நாளில் நாகப்பட்டினம் தொடர்வண்டி நிலைய வாசலில் வேளாங்கண்ணிக்குக் கூவி அழைத்த குதிரைவண்டிக்காரர்களின் நினைவு வந்தது. குதிரைகளின் எண்ணிக்கைதான் வேறு. ஊரின் பங்கு ஆலயம் புனித பிளாசியார் பெயரால் அமைந்தது. கார்ப் பந்தயத்தில் ஃபெராரி வெற்றி பெறும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆலயத்தின் மணியை ஒலிப்பது அவ்வூர் மரபு. இதைக் கேட்டதும் பேரனுக்கு ஒரே மகிழ்ச்சி. எங்களுக்கோ சற்று மனத்தாங்கல். ஆலய மணிக்கு அது தொழிலா என்று தோன்றியது. பின்னர், விளைச்சல் வீடு வந்ததற்கு நன்றிப் பூசை வைக்கும் ஊர்க்காரர்களாகிய நாம், அவர்கள் தம் ஊர் விளைச்சலுக்கு மணியடிப்பதைக் குறை சொல்வானேன் என்றும் தோன்றியது. அவ்வூரில் விளைவது அது.

நுழைவுச் சீட்டு ஒருவருக்கு இருபது யூரோவுக்கு மேல். அதை உடனே ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமென்று மகள் எங்களுக்கு முதல் வாரத்திலேயே அறிவுறுத்தியிருந்தாள். நாங்கள் விடவில்லை.

உள்ளே சென்றதும் எங்களைத் தாக்கியது அமைதி. வேகத்துக்காகவே பிறந்த பொருள்கள் அசைவற்று நிற்கும் இடம் அது. ஒவ்வொன்றையும் விளக்கொளியில் நிறுத்தி, துடைத்து மெருகேற்றி, தொட முடியாத தொலைவில் வைத்திருக்கிறார்கள். பிரித்து வைத்த இயந்திரமொன்றின் முன் வெகுநேரம் நின்றோம். ஆறு ஆறாக இரு சாய்ந்த வரிசைகளில் பன்னிரண்டு உருளைகள். முதல் ஃபெராரியாகிய 1947ஆம் ஆண்டின் 125 எஸ் தொடங்கி அந்நிறுவனம் விடாது போற்றிவரும் அமைப்பு. அந்த முதல் வண்டியின் இயந்திரக் கொள்ளளவு ஒன்றரை லிட்டர்தான். சொம்பளவு இடத்தைப் பன்னிரண்டு அறைகளாகப் பிரித்து அதற்குள் நெருப்பை ஆடவிட்ட கைவினையை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. எங்கள் வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் ஆற்றல் ஐந்து குதிரைத்திறன். அதுகூட மின்சாரம் வந்தால்.

இவற்றை உருவாக்கிய என்ஸோ ஃபெராரி 1898இல் மோதெனா நகரில் பிறந்தவர். தந்தைக்கு உலோகப் பட்டறை. அந்தப் பிறந்த வீடும் பட்டறையும் 2012 முதல் மற்றோர் அருங்காட்சியகமாகியுள்ளன. முதல் உலகப்போரின்போது, 1916இல், தந்தையும் ஒரே சகோதரரும் அடுத்தடுத்து இறந்தனர். படையில் சேர்ந்த என்ஸோவுக்குக் கிடைத்த வேலை கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிப்பது. போர் முடிந்ததும் தூரின் நகரில் ஃபியட் நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனார், கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் வாலெந்தினோ பூங்காவின் பலகையொன்றில் அமர்ந்து அழுததாக அவரே பிற்காலத்தில் எழுதினார். 1947இல் அதே பூங்காவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் அவர் செய்த வண்டி வென்றபோது, தேடிப்போய் அதே பலகையில் மீண்டும் அமர்ந்தாராம்.

வண்டிகளின் நெற்றியில் துள்ளி நிற்கும் கருங்குதிரைக்கும் ஒரு கதை உண்டு. அது பிரான்செஸ்கோ பராக்கா என்னும் போர் விமானியின் அடையாளம். அவர் 1918இல் போரில் மாண்டார். 1923இல் ராவென்னாவில் ஒரு பந்தயத்தில் வென்ற இளைஞர் என்ஸோவிடம், இறந்த மகனின் குதிரையை உன் வண்டியில் பொறித்துக்கொள், நன்மை வரும் என்று பராக்காவின் தாயார் சொன்னாராம். பின்னணியாக மோதெனாவின் மஞ்சள் நிறத்தை என்ஸோ சேர்த்துக்கொண்டார். இன்று உலகெங்கும் சட்டைகளிலும் தொப்பிகளிலும் பேரனின் பென்சில் பெட்டியிலும் காணும் அந்தச் சின்னம், ஒரு தாய் தன் இறந்த பிள்ளையிடமிருந்து எடுத்துக் கொடுத்தது. அதைச் சொன்னபோது பேரன் பென்சில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

வெற்றிக் கூடம் என்றொரு பெரிய அறை. உலகப் பட்டம் வென்ற பந்தய வண்டிகளை அரைவட்டமாக நிறுத்தி, சுவர் நிறையக் கோப்பைகளை அடுக்கியிருக்கிறார்கள். 2000 முதல் 2004 வரை தொடர்ந்து ஐந்து முறை பட்டம் வென்ற மைக்கேல் சூமாக்கரின் புகழே அங்கு ஓங்கி நிற்கிறது. பேரன் ஆண்டுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் அதே பந்தயங்களில் ஓட்டிய முதல் இந்தியர் என்பதையும் எங்களுக்கு அவனே கற்பித்தான். 1958 என்ற ஆண்டின் முன் நாங்கள் நின்றோம். அது வெற்றி ஆண்டு. இங்கிலாந்துக்காரர் மைக் ஹாதார்ன் ஃபெராரி ஓட்டிப் பட்டம் வென்ற ஆண்டு. ஆனால் 1957 மார்ச்சுக்கும் 1958 ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட பதினேழு மாதங்களில் அந்நிறுவனத்தின் ஓட்டுநர் நால்வர் வண்டி விபத்துகளில் உயிரிழந்தனர்: கஸ்தெல்லோத்தி, போர்த்தாகோ, முஸ்ஸோ, காலின்ஸ். இவர்களுள் போர்த்தாகோவின் மரணம் அவரோடு நிற்கவில்லை. 1957 மே 12 அன்று, பொதுச் சாலைகளிலேயே ஆயிரம் மைல் தொலைவுக்கு நடந்த மில்லே மில்யா பந்தயத்தில், குயிதிஸோலோ என்ற ஊரருகே அவருடைய வண்டியின் சக்கரம் வெடித்தது. அவரும் உடன் இருந்தவரும் மட்டுமல்லர், சாலையோரம் வேடிக்கை பார்த்து நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அப்பெரும் பந்தயம் அவ்வடிவில் அதோடு முடிந்தது. என்ஸோ மீது வழக்குத் தொடரப்பட்டு, 1961இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார்.

1958இல் முஸ்ஸோ இறந்தபின் வத்திக்கான் நாளிதழாகிய 'லொஸ்ஸர்வாத்தோரே ரொமானோ' என்ஸோவைப் பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய சாத்தூர்ன் என்னும் புராணத் தெய்வத்துக்கு ஒப்பிட்டுக் கடுமையாக எழுதியது. அந்தச் சொல் மிகையென்று நாங்கள் கருதவில்லை. ஆனால் அது முழுமையென்றும் கருதவில்லை. ஓட்டுநர்கள் தாங்களே தேர்ந்துகொண்டு ஏறியவர்கள். சாவின் நிழலறிந்தே ஏறியவர்கள். பிள்ளைகளைத் தோள்மேல் தூக்கிச் சாலையோரம் நின்றவர்களுக்கு எவர் எச்சரித்தார்? விழுங்கியது ஒருவர் வாய் மட்டுமா? கைதட்டிய இலட்சக்கணக்கானோருக்கு அதில் பங்கில்லையா? கோப்பைகள் பளபளக்கும் அந்தச் சுவரில் குயிதிஸோலோவின் ஐந்து குழந்தைகளுக்கு நாங்கள் கண்டவரை இடமில்லை. வெற்றிக் கூடம் என்று பெயர் வைத்த அறையில் அதை எதிர்பார்க்கவும் இயலாது.

பிள்ளையை விழுங்கியவர் என்று ஏசப்பட்ட அந்த மனிதர் அப்போது தம் பிள்ளையைப் பறிகொடுத்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. மூத்த மகன் தீனோ தசைநலிவு நோயால் 1956 ஜூன் 30 அன்று இருபத்துநான்காம் வயதில் இறந்தார். படுக்கையில் இருந்தபடியே ஆறு உருளை இயந்திரம் ஒன்றைப் பற்றித் தந்தையோடும் பொறியாளர்களோடும் கலந்து பேசியவர் அவர். பின்னாளில் அவ்வியந்திரம் பொருத்திய வண்டிக்கு ஃபெராரி என்ற பெயரே சூட்டாமல் 'தீனோ' என்று மட்டும் பெயரிட்டார்கள். என்ஸோ நாள்தோறும் காலையில் மகனின் கல்லறைக்குச் சென்றபிறகே வேலைக்குப் போவார் என்பர். பந்தயக் களங்களுக்குப் போவதையும் கருப்புக் கண்ணாடியைக் கழற்றுவதையும் அவர் ஏறக்குறைய விட்டுவிட்டார். அவரை நேசிக்க எங்களால் முடியவில்லை. ஆனால் புகைப்படத்திலுள்ள அந்தக் கருப்புக் கண்ணாடியின்முன் இரு பெற்றோராக நின்றபோது, நாளிதழின் சொல்லை மறுபடி சொல்ல நா எழவில்லை.

1988 ஜூன் 4 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், நாம் அருள் சின்னப்பர் என்று அழைத்துப் பழகியவர், மரனெல்லோவுக்கு வந்தார். நிறுவனத்தின் ஃபியோரானோ சோதனைத் தடத்தைத் திறந்த ஃபெராரி ஒன்றில் நின்றவாறு சுற்றி வந்தார். தொண்ணூறு வயது என்ஸோ நோயுற்றிருந்தமையால் நேரில் வர இயலவில்லை. இருவரும் தொலைபேசியில் பேசினர். முப்பதாண்டுக்கு முன் வத்திக்கான் நாளிதழ் எழுதிய சொல் அந்தத் தொலைபேசிக் கம்பியின் இரு முனைகளிலும் நினைவிலிருந்ததா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவ்வாண்டு ஆகஸ்டு 14 அன்று, மரியாயின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள், என்ஸோ காலமானார். அவர் விருப்பப்படி அடக்கம் முடிந்த பின்னரே செய்தி வெளியிடப்பட்டது.

அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப்பின், 2002இல், நிறுவனம் அவர் பெயரையே ஒரு வண்டிக்கு வைத்தது. 'என்ஸோ' என்னும் அந்த வண்டியின் ஆற்றல் 660 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 350 கிலோமீட்டர். கீழ்வேளூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு அந்த வேகத்தில் இரண்டரை நிமிடம்கூட ஆகாது. ரயில்வே கேட் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் 399 வண்டிகளே செய்வதென்று வரையறுத்து விற்றார்கள். நாங்கள் சென்றபோது கூடத்தில் ஒன்று நின்றது. சிவப்பு நிறம்; பருந்தின் அலகு போல் கூர்ந்த முகம். பேரன் அதன் முன் மூச்சுவிட மறந்து நின்றான்.

அதுவரை பின்னால் ஒதுங்கியே வந்த முல்லைத்தீவு நண்பர் அப்போதுதான் பேசினார். "ஐயா, இது 399 எண்டு எழுதியிருக்கிறாங்கள். உண்மையில 400. கடைசி வண்டி ஒண்டு எங்களுக்காகச் செய்தது."

எங்களுக்காக என்றால் யாருக்காக என்று கேட்டோம்.

"கடல் எடுத்த சனத்துக்காக" என்றார்.

அவர் சொன்னது இதுதான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபின், ஃபெராரி நிறுவனம் நானூறாவதாக ஒரு வண்டி செய்து திருத்தந்தைக்கு அளித்தது. நோயுற்றிருந்த இரண்டாம் ஜான் பால், அதை விற்று வரும் பணம் ஆழிப்பேரலையால் துன்புற்ற மக்களுக்குச் சேர வேண்டுமென விரும்பினார். 2005 ஏப்ரல் 2 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். ஜூன் 28 அன்று மரனெல்லோவிலேயே அந்த வண்டி ஏலம் விடப்பட்டது. ஒன்பது இலட்சத்து ஐம்பதாயிரம் யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஐந்து கோடி ரூபாய். தொகை புதிய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டிடம் அதே நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்டது. நண்பர் அப்போது பட்டறையில் இரவு வேலையில் இருந்தாராம். முல்லைத்தீவுக் கரையில் அவருடைய தாயாரையும் இரு தங்கைகளையும் கடல் கொண்டுபோய் ஆறு மாதம். உடன் வேலை செய்த இத்தாலியர் ஒருவர் செய்தித்தாளை நீட்டி, பார், உங்கள் ஊருக்கு ஒரு ஃபெராரி என்றாராம். "நான் சிரிச்சனோ அழுதனோ, இப்ப ஞாபகம் இல்லை" என்றார் நண்பர்.

கீழ்வேளூர் கடலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருப்பது. அலை அங்கு வரவில்லை, மனிதர்கள் வந்தார்கள். அக்கரைப்பேட்டையிலிருந்தும் கீச்சாங்குப்பத்திலிருந்தும் ஈரத்துணியோடு லாரிகளில் வந்து இறங்கியவர்களுக்குத் திருமண மண்டபத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் வீட்டிலும் ஒருவர். மூத்த அக்காளின் மகன். நாங்கள் தம்பி என்றே அழைப்போம். கடன் வாங்கிப் பழைய அம்பாசடர் ஒன்றை எடுத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு, விடியற்காலையில் திருவாரூரிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போனான். அவர்கள் திருப்பலிக்கு ஆலயத்துக்குள் சென்றார்கள். இவன் கடற்கரைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். ஒன்பது மணியைத் தாண்டிய வேளையில் அலை வந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

மூன்றாம் நாள் அவனைக் கண்டெடுத்தோம். வண்டி வேறோர் இடத்தில், ஒரு மதிற்சுவரில் சாய்ந்து, மண் நிறைந்து கிடந்தது. கதவுகள் நான்கும் பூட்டியே இருந்தன. அவன் சட்டைப் பையிலிருந்த சாவியைக் கொண்டுதான் திறந்தோம். கடன் கொடுத்தவர்கள் மனமிரங்கி வட்டியை விட்டுக்கொடுத்தார்கள். கோடை தொடங்கியதும் அந்த அம்பாசடர் நாகையில் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிற்று. பதினோராயிரத்துச் சொச்சம். அதில் அவன் மனைவி ஒரு தையல் இயந்திரம் வாங்கினாள். மீதியில் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை.

இதை நண்பரிடம் சொன்னோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பேரன் எங்களையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்தச் சிவப்பு வண்டியை நாங்கள் என்னவென்று எண்ணுவது? பெருஞ்செல்வரின் விளையாட்டுப் பொருள் என்று புறக்கணித்துவிட்டு வெளியே வருவது எளிது. நாங்களும் அந்த எண்ணத்தோடுதான் பாதிக் கூடத்தைக் கடந்தோம். ஆனால் அதன் உடன்பிறப்பு ஒன்று விற்கப்பட்டது நம் கரைகளின் துயரத்துக்காக. தானமாக வந்த சோற்றில் யார் வீட்டு அரிசி என்று பார்த்து உண்டவர்கள் அல்லர் அன்று மண்டபத்தில் இருந்தவர்கள். அதே நேரம், முழுக்கதையையும் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்த நானூறாவது வண்டி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மீண்டும் ஏலத்துக்கு வந்தது. இம்முறை அறுபது இலட்சம் டாலருக்கு மேல்; ஏறத்தாழ நாற்பது கோடி ரூபாய். திருத்தந்தையின் பெயரோடும் ஆழிப்பேரலையின் பெயரோடும் சேர்ந்திருந்தமையால் அதற்கு அந்த மவுசு. பத்தாண்டில் ஏறிய முப்பத்தைந்து கோடியும் விற்றவரைச் சேர்ந்தது. சட்டப்படியும் வணிக முறைப்படியும் அதில் தவறேதுமில்லை. ஈகையும் ஒரு மெருகாக வண்டியின் மேல் ஏறி, விலையைக் கூட்டிவிட்டது என்பதுதான் எங்களை உறுத்தியது. கணக்கில் சூடிகையான பேரன், "அந்த முப்பத்தைந்து கோடியையும் கேட்டிருக்கலாமே, தாத்தா" என்றான். யாரிடம் கேட்பது என்று நாங்கள் கேட்டதற்கு அவனிடம் விடையில்லை.

2023இல் ஃபெராரி செய்து அனுப்பிய வண்டிகள் 13,663 என்று மகள் பின்னர் படித்துச் சொன்னாள். வாங்க ஆள் இருக்கும் அளவைவிட ஒன்று குறைத்தே செய்ய வேண்டும் என்பது என்ஸோ வகுத்த வணிக நெறியாம். நானூறாவது வண்டி அந்த நெறியை ஒருமுறை மீறியது.

நினைவுப் பொருள் கடையில் பேரனுக்குச் சாவிக்கொத்து ஒன்று வாங்கினோம். அதில் இறந்த விமானியின் குதிரை. வெளியே வெயில் ஏறியிருந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் பாப்லர் பஞ்சு நண்பரின் ஃபியட்டின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்து கிடந்தது. எரிபொருளுக்குப் பணம் கொடுக்க முயன்றோம். "அம்மா, என்ன கதை கதைக்கிறீங்கள்" என்று கடிந்துகொண்டார். வண்டியில் ஏறும்போது புனித பிளாசியார் ஆலயத்திலிருந்து மணியோசை கேட்டது. பேரன் துள்ளி எழுந்து, "ஃபெராரி ஜெயிச்சிடுச்சா?" என்றான்.

"இல்லைத் தம்பி, இண்டைக்குப் பந்தயம் இல்லை" என்றார் நண்பர். "பன்னிரண்டு மணி. மூவேளைச் செபத்துக்கு அடிக்கிறாங்கள்."